அஞ்சலைக்கு இரண்டு தகப்பன்மார்

உத்திரமேரூரில் கிராம சுகாதார செவிலியர்களுக்குப் பயிற்சிக் கூட்டம் நடக்கும்போதெல்லாம், ஓய்வு பெற்றவர்களில் இன்னும் நடமாட முடிகிறவர்களைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சமீபத்தில் நானும் போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சின்னப் பெண்கள் ஒரு செய்தித்தாளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரிலோ, தம்பதியாக வாழும் இரண்டு ஆண்கள், குழந்தை ஒன்றைத் தங்கள் இருவர் பேரிலும் தத்தெடுக்க அலைகிறார்களாம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "சிரிக்க என்னடி இருக்கு?" என்றாள். மூன்றாவது பெண் என்னிடம் திரும்பி, "உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதில்ல மேடம்?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா. இதே வட்டாரத்துல இருந்துச்சு. அந்தக் குழந்தைக்குச் சங்குல பால் புகட்டக் கத்துக்கொடுத்தவளே நான்தான்" என்றேன்.

சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டார்கள். நேரம் போதவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஊரின் பெயரை விட்டுவிட்டேன், ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

என் அப்பா பழையசீவரம் பக்கத்தில் வயல் கூலி. மிஷன் பள்ளியில் படிக்க வைத்தார்கள். செங்கல்பட்டில் துணைச் செவிலியர் பயிற்சி. அந்தக் காலத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. பசியும் தூக்கமும்தான் நினைவிருக்கின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. நான் வேலை கற்றுக்கொண்டது அங்கேதான், டாக்டர் கமலவேணியிடம்.

டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கம். குட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காதில் ஒரு கல் தோடு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் எந்தச் சேதியைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரு கேள்விதான் வரும்: "பார்த்தியா, கேட்டியா?" "அந்தத் தெருவுல வாந்தி பேதியாம் டாக்டரம்மா" என்றால், "பார்த்தியா, கேட்டியா?" கேட்டதுதான் என்றால், "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு." அவ்வளவுதான். வெயில், மழை எதுவும் பேச்சில்லை. இரண்டு வருடத்தில் நாங்கள் எல்லோரும் பார்க்காமல் எதையும் சொல்லாதவர்களாக மாறிப்போனோம்.

அப்போது எங்கள் வேலையில் பாதி 'கேஸ்' பிடிப்பது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஆள் சேர்ப்பதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. பெற்றது போதும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிந்த ஒரு நாளில்தான் இரண்டு பேர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, தங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்றார்கள்.

அவர்களை எனக்கு முன்பே தெரியும். தனபால், ஊரில் நிலம் உள்ள குடும்பத்தின் இளைய மகன். ஆயில் இன்ஜின், மோட்டார் பம்ப் எல்லாம் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். எங்கள் சுகாதார நிலைய ஜீப்புக்கும் அவர்தான் வைத்தியர். நல்ல உயரம், எப்போதும் கையில் கிரீஸ். வேதாசலம், திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை. அம்மை குத்த நான் பள்ளிக்கூடம் போகும்போது அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி போட்டு முடிக்கும் வரை அதன் காதில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். என்ன சொல்வாரோ, பிள்ளை அழுகையை மறந்துவிடும்.

வாத்தியார் முதலில் தனபாலின் வீட்டில் குடக்கூலிக்கு வந்தவர். பிறகு தனபால் அண்ணனிடமிருந்து பாகம் பிரிந்து, கழனியோரத்தில் சின்னதாக ஓட்டு வீடு கட்டிக்கொண்டபோது கூடவே போய்விட்டார். பல வருடங்களாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஊருக்குத் தெரியாமல் இல்லை. கிணற்றடியில் ஒரு பெண் என்னிடமே சொன்னாள்: "அதுங்க ரெண்டும் ஒண்ணா கீதுங்க நர்சம்மா. யாரு சோத்துல மண்ணு போட்டுச்சுங்க? நமக்கு இன்னாத்துக்கு?" தனபாலின் இன்ஜின் வேலை ஊருக்கு வேண்டும், வாத்தியாரின் படிப்பு பிள்ளைகளுக்கு வேண்டும். அதனால் ஊர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டது.

அன்றைக்கு மோரைக் கொடுத்துவிட்டு வாத்தியார்தான் பேசினார். "சிஸ்டர், உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. நாங்க ஒருத்தருக்கு ஒருத்தர்னு வாழறோம். எங்களுக்கு ஒரு பிள்ளை வேணும்."

தனபால் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

நான் டாக்டரம்மாவிடம் தொழில் கற்றவள். அதனால் என்ன கேட்பது என்று யோசித்து, "இதுவரைக்கும் என்ன முயற்சி பண்ணீங்க?" என்று கேட்டேன்.

நிறையச் செய்திருந்தார்கள். தனபாலின் தங்கை மூன்றாவது பிரசவத்துக்கு வந்தபோது, "இதை நீ எடுத்துக்கோண்ணே" என்று வாயாரச் சொன்னாள். இவர்கள் தொட்டில் கட்ட உத்தரத்தில் வளையம்கூட மாட்டினார்கள். பிள்ளை பிறந்ததும் அவள் மாமியார் ஆள் அனுப்பித் தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். "அந்த வூட்ல கொண்டாந்து வுடறதுக்கு ஏரில போடலாம்" என்றாளாம். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார்கள். கல்யாணமாகாத ஆண்களுக்குத் தருவதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வாத்தியார் செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தார். கல்யாணமாகாத இந்து ஆண் தத்தெடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் ஒருவர் பேரில்தான் முடியும், பெற்றவர்கள் மனமுவந்து கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சட்டத்தில் இடம் இருந்தது. கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ, புள்ள தானா பொறக்கும்னு எங்கம்மா சொல்லிக்கினே கீது" என்றார் தனபால், முதல் தடவையாக வாய் திறந்து. "பொண்ணு கூட பாத்து வெச்சிட்டாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன். ஒரு பொண்ண இட்டாந்து, ஆயுசுக்கும் அத்த ஏமாத்திக்கினு இருக்கறதா? அது இன்னா பாவம் பண்ணுச்சு நர்சம்மா?"

இந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டு ஊர் மெச்ச வாழ்ந்த ஆண்களின் மனைவிகளை நான் வீடு வீடாகப் பார்த்திருந்தேன்.

விசாரிக்கிறேன் என்று எழுந்து வந்தேன். ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு நாள் காலை, ஜீப்பின் கீழே படுத்து தனபால் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் லீவு. அப்போது ஒரு மாட்டு வண்டி உள்ளே வந்தது. அதில் அஞ்சலை. நடவு நடும் பெண், ஐந்தாவது பிரசவம், இன்னும் மாதம் நிறையவில்லை. புருஷன் ஏழுமலை வண்டியோடு ஓடி வந்திருந்தான். குழந்தை சீக்கிரமே பிறந்துவிட்டது, பெண், ஒரு கைக்குள் அடங்கும் அளவு. ஆனால் தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. டாக்டரம்மா கையை முஷ்டியாக்கி அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "தனபால், வண்டி ஓடுமா?" என்று கேட்டார். தனபால் கழற்றி வைத்ததையெல்லாம் எப்படி மாட்டினாரோ தெரியாது. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அவரே ஓட்டினார். பின்னால் அஞ்சலையின் தலை ஏழுமலை மடியில், டாக்டரம்மாவின் கை எடுக்காமல் அவள் வயிற்றில், குழந்தை பஞ்சு சுற்றி என் மடியில். புக்கத்துறை கூட்டுரோடு வருவதற்கு முன்பே அஞ்சலை போய்விட்டாள். டாக்டரம்மா கையை எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான், "நிறுத்துங்க தனபால். திருப்புங்க" என்றார்.

திரும்பி வந்து இறங்கியபோது உடலை இறக்க என் கை தேவைப்பட்டது. குழந்தையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். பக்கத்தில் நின்றது தனபால். கொடுத்துவிட்டேன். எல்லாம் முடிந்து நான் மறுபடி வாசலுக்கு வந்தபோது, வேப்ப மர நிழலில் அதே இடத்தில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். குழந்தையின் மேல் அது படக்கூடாதென்று முழங்கைகளை மட்டும் சேர்த்து, அவற்றின்மேல் குழந்தையை ஏந்தியிருந்தார். கை இரண்டும் விரிந்து காற்றில் நின்றன. நான் வாங்கிக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

குழந்தையை நாங்கள் சுகாதார நிலையத்திலேயே வைத்துக்கொண்டோம். வார்டில் இருந்த பெண்கள் தங்கள் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தார்கள். வீட்டில் ஏழுமலைக்கு நான்கு பிள்ளைகள். பெரியவளுக்கே பாவாடை கட்டும் வயதுதான். அவன் அம்மாவுக்குக் கண் பார்வை இல்லை. அவன் என்னிடம் வந்து நின்று, "இத்த நான் எப்பிடி நர்சம்மா காப்பாத்துவேன்? நல்லவங்க யாராச்சும் கீறாங்களா?" என்றான். எனக்கு உடனே அந்த வீடு நினைவுக்கு வந்தது. டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். வாத்தியாரும் தனபாலும் என்னிடம் சொன்னதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "துக்கத்துல இருக்கிறவன் சொல்ற எதையும் முடிவா எடுத்துக்கக் கூடாது. கருமாதி முடியட்டும். அதுக்கப்புறமும் அவன் இதையே கேட்டா, அவங்களைப் பத்திச் சொல்லு. எதையும் மறைக்காம சொல்லு. இப்பவே அவங்க ரெண்டு பேரும் இங்க வந்து கத்துக்கட்டும். கிடைக்காமப் போனா நஷ்டம் ஒண்ணுமில்ல, கத்துக்கிட்டது இருக்கும்."

அப்படித்தான் அவர்கள் வந்தார்கள். டாக்டரம்மா முதலில் கையைக் காட்டச் சொன்னார். தனபால் மண்ணெண்ணெய் போட்டுக் கிரீஸைக் கழுவிவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, சோப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டரம்மா அந்தக் கையை மூக்கருகில் கொண்டுபோனார். "மண்ணெண்ணெய் வாசனை வருது. மறுபடியும்." மறுபடியும் கழுவினார். "மறுபடியும்." மூன்றாவது முறை ஒப்புக்கொண்டார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார்.

பிறகு என்னிடம் விட்டார். சங்கைக் கொதிக்க வைத்து எடுப்பது. துடைக்காமல் தானாகக் காயவிடுவது. குழந்தையின் தலை இடது முழங்கை மடிப்பில், கால்களைவிடக் கொஞ்சம் உயரமாக. சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைப்பது. "ஊத்தக் கூடாது. சாய்ச்சாப் போதும். தொண்டையைப் பாருங்க, விழுங்குதா? விழுங்கினப்புறம்தான் அடுத்தது. வாயில தேங்கி நின்னா நிறுத்திடணும், அவசரப்பட்டா புரையேறும்." வாத்தியார் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். தனபால் மெதுவாகக் கற்றார். ஒருமுறை பிடித்த பிறகு, கார்புரேட்டரைத் திறக்கும் கை எப்படி அசையாமல் இருக்குமோ அப்படி இருந்தது. குறைமாதக் குழந்தைக்குச் சூடு வேண்டும், வெறும் மார்போடு சேர்த்து வைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். இருவரும் முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார், வாத்தியார் வரும்வரை தனபால். வார்டில் இருந்த பெண்கள் முதலில் முந்தானையால் முகத்தை மூடிச் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி தன் புருஷனிடம், "பாரு, அவுங்களப் பாத்துக் கத்துக்கோ" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

கருமாதி முடிந்து ஏழுமலை வந்தான். அதே கேள்வியைக் கேட்டான். டாக்டரம்மா சொன்னபடி எதையும் மறைக்காமல் நான் சொன்னேன். "தெரியும் நர்சம்மா. அவுங்க கழனில நானும் வேல செஞ்சிக்கீறேன். வூட்டப் பாக்கணும்" என்றான்.

நானும் கூடப் போனேன். ஏழுமலை வழக்கப்படி வாசலுக்கு வெளியிலேயே நின்றான். தனபால் உள்ளே வா என்றார். அவன் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டான்: "அய்யா, இது எங்க ஜனத்துப் பொண்ணு. உங்க தெருவுல இது எந்தப் பக்கமா நடக்கும்?"

அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நானும் அப்படிப்பட்ட தெருக்களில் ஒதுங்கி நடந்து வளர்ந்தவள்தான்.

தனபால் படியிறங்கி அவன் பக்கத்தில் வந்தார். "நடு ரோட்டுல நடக்கும். நடக்கத் தெரியற வரைக்கும் எந்தோள் மேல போவும். உன் வூட்டுக்கும் வரும். நீயும் புள்ளைங்களும் இங்க வரணும், தோட்டத்துப் பக்கமா இல்ல, இப்பிடி முன் வாசலா. முடியாதுன்னா எனக்கு இந்தப் புள்ள வாணாம்ணே."

அண்ணே என்று அவர் சொன்னதும் ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு செருப்பில்லாத காலைத் தட்டிவிட்டுக்கொண்டு முன் வாசல் வழியாக உள்ளே வந்தான்.

தத்துப் பத்திரம் பதிய உத்திரமேரூர் போனோம். நிலம் குழந்தைக்குச் சேர வேண்டும் என்பதாலும் வாத்தியாரின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதாலும் தனபால் பேரில் என்று முடிவு செய்திருந்தார்கள். பதிவதற்கு முன், எல்லோர் முன்னிலையிலும் ஏழுமலை குழந்தையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டி, "எம்பொண்ண மனசார உங்களுக்குத் தத்து குடுத்தேன்" என்றான். தனபால், "எம்பொண்ணா வாங்கிக்கினேன்" என்றார். வாத்தியார் ஓரமாகச் சாட்சிகளோடு நின்றிருந்தார். இத்தனை வருட அலைச்சலுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த இடம் சாட்சிக் கையெழுத்து. அழகான எழுத்து அவருடையது. நிதானமாகப் போட்டார். பேனாவை மூடியதும் தனபால் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். எல்லோர் எதிரிலும், "வாங்கிக்கோ" என்றார். வாத்தியார், "வாங்கிக்கிட்டேன்" என்றார். அங்கே இருந்த எழுத்தர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

குழந்தைக்குப் பேர் தேடியபோது தனபால், "அந்தம்மா பேரையே வெச்சிடலாம்" என்றார். அஞ்சலை. ஏழுமலை அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதான்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. தனபாலின் அண்ணன் கோவிந்தசாமி விடவில்லை. தம்பி பாகம் தன் மகன்களுக்கு வரும் என்று இருந்தவர் அவர். அது ஒரு கூலிக்காரன் மகளுக்குப் போவது அவரால் தாங்க முடியாததாயிருந்தது. வாத்தியார்மேல் கல்வி அலுவலகத்துக்கு மனு போட்டார். ஒன்றியத்தின் கடைக்கோடி ஊருக்கு அவரை மாற்றினார்கள். வாத்தியார் பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டு போய்வந்தார். அடுத்த மனு போலீசுக்கு. ஏமாற்றிக் குழந்தையை வாங்கிவிட்டார்கள், பெண் இல்லாத வீட்டில் குழந்தை செத்துக்கொண்டிருக்கிறது என்று.

சப்-இன்ஸ்பெக்டர் சுகாதார நிலையத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, இளவயது. கையில் மனுவை வைத்துக்கொண்டு, "குழந்தை நிலைமை மோசம்னு சொல்றாங்களே டாக்டர்" என்றார்.

"நீங்க பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

"மனுவுல இருக்கு."

"அப்ப வாங்க, பார்த்துட்டு வரலாம்." டாக்டரம்மா எடை பார்க்கும் தராசை என்னிடம் எடுத்து வரச் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம்.

தனபால் வீட்டில் தனியாக இருந்தார். சட்டையில்லாத மார்பில் குழந்தை, மேலே ஒரு வேட்டித் துணி. போலீசைப் பார்த்ததும் எழுந்தவர், குழந்தையின் தலையைத் தாங்கிய கையை எடுக்காமல் மற்றக் கையால் கும்பிட்டார். பாதிக் கும்பிடு. டாக்டரம்மா நேராக அடுப்பங்கரைக்குப் போனார். சங்கும் பாத்திரமும் வெள்ளைத் துணிக்குக் கீழே கவிழ்ந்திருந்தன. குடிநீர்ப் பானையைத் திறந்து பார்த்தார். தூளித் துணியை மோந்து பார்த்தார். குழந்தையின் மடிப்புகளில், காதின் பின்னால், தொடை இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். நான் தராசை உத்தரத்து வளையத்தில் மாட்டினேன். முள் ஏறியது. நன்றாகவே ஏறியிருந்தது. வார்டில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிலும் சிலதுக்கு அப்படி ஏறியதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் சரி டாக்டர். ஆனா இவங்க ரெண்டு பேரைப் பத்தி ஊர்ல வேற மாதிரிப் பேச்சு இருக்கு. பொம்பளப் பிள்ளை வேற."

அந்தப் பேச்சு வழக்காக மாறினால் அன்றைய சட்டப்படி இருவரும் சிறைக்குப் போகலாம். எனக்கு அது தெரியும். உள்ளே தனபாலுக்கும் தெரிந்திருக்கும். குழந்தையை மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

டாக்டரம்மா எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னார். "நான் குழந்தையைப் பார்க்க வந்தேன் சார். கட்டிலைப் பார்க்க வரலை. நீங்களும் குழந்தைக்காகத்தான் வந்தீங்க. குழந்தை நல்லா இருக்கு. அதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன். வேற ஏதாவது எழுதப் போறீங்கன்னா, அதை நீங்க பார்த்திருக்கணும்."

சப்-இன்ஸ்பெக்டர் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். தனபால் சொன்னார். "சரி, பத்திரமா வளருங்க" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மனு எதுவும் வரவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் நான் கேட்டேன், "உங்களுக்குப் பயமா இல்லையா டாக்டரம்மா?"

அவர் வெளியே பார்த்தபடியே வந்தார். "ஸ்டெல்லா, பிரசவ அறைக்கு வெளியே நிக்கிற ஆம்பளைங்ககிட்ட, பொண்ணுன்னு நீ போய்ச் சொல்வியே. முகம் சுண்டாம நின்னவங்க எத்தனை பேரு? யோசிச்சுச் சொல்லு."

நான் ஒரு கையின் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தேன். விரல்கள் மிச்சம் இருந்தன.

அஞ்சலை வளர்ந்தாள். தனபாலை நைனா என்றும், வேதாசலத்தை அப்பா என்றும் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் இரண்டும் தகப்பனைத்தான் குறிக்கும். ஒரு வீட்டில் இது இருக்கும், இன்னொரு வீட்டில் அது இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், "ஒனக்கு அம்மா இல்லியாடி?" என்று கேட்டதற்கு, "எங்கம்மா சாமியாய்ட்டாங்க. ஒனக்கு நைனா மட்டுந்தான கீறாரு? எனக்கு நைனாவும் கீறாரு, அப்பாவும் கீறாரு" என்றாளாம். இதைச் சொல்லிச் சொல்லி தனபால் ஒரு மாதம் சிரித்தார். சனிக்கிழமைகளில் அவள் ஏழுமலை வீட்டுக்குப் போய் அக்கா அண்ணன்களோடு விளையாடுவாள். அவர்களும் முன் வாசல் வழியாக வந்து போனார்கள். அதற்காக நான்கைந்து வீட்டுக்காரர்கள் தனபாலிடம் இன்ஜின் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். மோட்டார் எரிந்துபோனபோது மறுபடி வந்தார்கள்.

அவளுக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும்போது வாத்தியார் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தது. தயங்கித் தயங்கி, பெண் பிள்ளை வயதுக்கு வருவதைப் பற்றி எப்போது, எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். "நான் வந்து சொல்றேனே சார்" என்றேன். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். ஆனா எங்களுக்கும் தெரியணும். அவளுக்கு எங்ககிட்ட கேக்கறதுக்குக் கூச்சம் வந்துடக் கூடாது" என்றார். என் பணிக்காலம் முழுவதும் எத்தனையோ தாய்மார்களிடம் இதைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். தானாக வந்து கேட்ட தகப்பன் அவர் ஒருவர்தான்.

டாக்டரம்மா மாற்றலாகிப் போய், பின்பு ஓய்வு பெற்று, காலமாகிவிட்டார். தனபாலும் இப்போது இல்லை. வாத்தியார் அஞ்சலையின் வீட்டில் இருக்கிறார், நல்ல முதுமை, பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். காகிதத்தில் அவருக்கும் அவளுக்கும் இன்றைக்கும் எந்த உறவும் இல்லை. பயிற்சிக் கூட்டத்தில் இதைக் கேட்டதும், வாயைப் பொத்திச் சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவர்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அஞ்சலையின் மஞ்சள் நீராட்டு நாள்தான். எண்பதுகளின் கடைசி. அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று எனக்கே சந்தேகம். செத்துப்போன அஞ்சலையின் தம்பி தாய்மாமன் சீரோடு வந்தான், தெரு நடுவில், தாரை தப்பட்டையோடு. ஏழுமலையும் பிள்ளைகளும் கூடவே முன் வாசல் வழியாக வந்தார்கள். கிணற்றடிப் பெண்கள் வந்தார்கள். எதிர்பார்க்காத ஒருத்தியும் வந்தாள். கோவிந்தசாமியின் மனைவி சகுந்தலா. அத்தனை வருடம் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றவள், கையில் தாம்பாளத்தோடு தனியாக வாசலில் நின்றாள். "எங்க வூட்டுக்காரரு வரல. நான் வந்துட்டேன்" என்றாள். கிணற்றடிப் பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

பெண்ணை மணையில் உட்கார வைத்தாயிற்று. நலங்கு வைக்க வேண்டும். முதலில் பெற்றவர்கள் வைப்பதுதான் முறை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது மூத்த சுமங்கலி வைக்கட்டும் என்று ஒரு குரல் வந்தது. தனபாலும் வாத்தியாரும் கூடத்தில் இல்லை. பின்கட்டில், வந்தவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அது பெண்கள் சடங்கு, நாம் எதற்கு என்று தாங்களாகவே ஒதுங்கியிருந்தார்கள்.

சகுந்தலாதான் எழுந்துபோய்ப் பின்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"இன்னா, அடுப்பாண்டயே நின்னுகினு கீறீங்க? பெத்தவங்க வராம யாரு நலங்கு வெக்கறது? ரெண்டு பேரும் வாங்க."

வாத்தியார் தனபாலைப் பார்த்தார். தனபால் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துவிட்டு அதன் மற்றொரு முனையை வாத்தியாரிடம் நீட்டினார். அவரும் துடைத்துக்கொண்டார். அப்படியே, துண்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தபடி, இருவரும் கூடத்துக்கு வந்தார்கள்.